தேர் நாளில் ஒரு வாய் பீட்சா

ஆனித் தேரன்று சாயந்திரம் எங்கள் வீட்டில் நாற்பது பேருக்குக் குறையாது. வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து கூப்பிடு தூரம். காலையில் தேர் இழுக்கத் தொடங்கும் முன்பே அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கிவிடும். மதியச் சாப்பாடு சொதியும் இஞ்சித் துவையலும். அது அத்தையின் பொறுப்பு, வேறு யாரும் கை வைக்க முடியாது. சாயந்திரப் பலகாரம் மட்டும் மூன்று வருஷமாக என் கைக்கு வந்திருக்கிறது. போன வருஷம் 130 குட்டிப் பீட்சா சுட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு கடியில் முடிந்துவிடும் அளவு. வேர்த்து விறுவிறுத்து வந்த பிள்ளைகளிலிருந்து 86 வயது ஆச்சி வரை எல்லோரும் கையில் எடுத்துச் சாப்பிட்டார்கள். நானும் அடுப்படியிலேயே கிடக்காமல், சுவாமி தேர் வீதி முனையில் திரும்புவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 130 பீட்சா சுடுகிறவள் எப்படி வெளியே போக முடிந்தது என்று மதினி கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை இப்படி நடக்கவில்லை. மகனின் ஏழாவது பிறந்தநாள் மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வகுப்புப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளுமாக 22 பேர். பெரிய பீட்சா வாங்கினால் பிள்ளைகள் பாதி தின்று பாதி வைத்துவிடும், சின்னச் சின்னதாக வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். கைப்பேசியில் பார்த்த செய்முறையை வரி பிசகாமல் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட், கதகதப்பான இடத்தில் இரண்டு மணி நேரம். மதியம் 2 மணிக்குப் பிசைந்து மூடி வைத்த மாவு, மூன்றரைக்குப் பார்த்தால் பாத்திரத்தைவிட்டு வழிந்து, நடுவில் அமுங்கிக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் கள்ளு வாசம். தொட்டால் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மறுபடி பிசைய நேரமில்லை. அப்படியே தட்டி, தண்ணியாக இருந்த தக்காளிச் சாஸைத் தடவி, வெங்காயமும் குடைமிளகாயும் அள்ளிப் போட்டு ஓ.டி.ஜி. என்கிற மின் அடுப்பில் வைத்தேன். ஒரு ஈடுக்கு 12தான் கொண்டது. அது வெந்து வெளியே வர 18 நிமிஷம். 22 பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கையில் 12 பீட்சா. அடுத்த ஈடு பாதி வேகும்போது கரண்ட் போய்விட்டது. அடி வெள்ளையாகக் கொழகொழவென்று இருந்தது. தூக்கினால் மேலே இருந்ததெல்லாம் சரிந்தது, ஒரு பிள்ளையின் புதுச் சட்டையில் கொட்டியது. மதினி ஓடிப்போய் பேக்கரியில் பப்ஸ் வாங்கி வந்தார்கள். மகன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது, "அம்மா, அடுத்த வருஷம் கேக் மட்டும் போதும்மா" என்றான். அந்தச் சொல் ரொம்ப நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மாவு ஏன் அப்படிப் போனது என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது ஆச்சிதான். பீட்சா என்ற பேரே அவளுக்குச் சரியாக வாயில் வராது. ஆனால் கேட்டாள்: "ஏ பிள்ள, வைகாசில இட்லி மாவை எத்தன மணிக்கு ஆட்டுத? மார்கழில எத்தன மணிக்கு ஆட்டுத?" வைகாசியில் ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டினால் விடியுமுன் பொங்கிவிடும். மார்கழியில் சாயந்திரமே ஆட்டி, சாக்குப் போட்டு மூட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? மைதா என்றதும், அது வேறு ஊர்ப் பலகாரம், அதற்கு வேறு சட்டம் என்று நினைத்துவிட்டேன். "புளிக்கது எல்லாம் ஒண்ணுதாம்ட்டி" என்றாள் ஆச்சி.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று காற்றை விடும், அந்தக் காற்றில் மாவு உப்பும். ஓர் அளவு வரை சூடு ஏற ஏற வேகமாக வேலை செய்யும், 60 டிகிரி பக்கம் போனால் செத்துப்போகும். வெதுவெதுப்பான தண்ணீர், கதகதப்பான இடம் என்பதெல்லாம் குளிர் நாட்டு அடுப்படிக்குச் சொன்னது. நம் ஊரில் மே மாதம் மத்தியானம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரே கையைச் சுடுகிறது. நான் அதை வேறு கொஞ்சம் சூடாக்கி ஊற்றியிருந்தேன். இப்போது சித்திரை, வைகாசியில் பானைத் தண்ணீரிலோ ஃப்ரிட்ஜ் தண்ணீரிலோதான் பிசைகிறேன். ஈஸ்ட்டையும் குறைத்துவிட்டேன். ஆனி, ஆடியில் சாரல் காற்று வீசும்போது சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். மார்கழியில் மட்டும்தான் வெந்நீர் விளாவ வேண்டிவரும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர், 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அதாவது தலை தட்டி ஒரு டீஸ்பூன். தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன், சீனி 2 டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். பிசைந்து முடித்தால் 850 கிராம் சுமார் மாவு வரும். 20 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 42 பீட்சா. தராசு இல்லாதவர்கள் பெரிய நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். மைதா மட்டும் வேண்டாம் என்றால் 150 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவு கோதுமை மாவு சேர்க்கலாம், தண்ணீர் இரண்டு டேபிள்ஸ்பூன் கூடுதலாகக் குடிக்கும். முழுக்கக் கோதுமையில் செய்து பார்த்தேன். அது கனத்த சப்பாத்தியாகத்தான் வந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அலமாரியில் வைத்த ஈஸ்ட் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் சத்துப் போய்விடும். சந்தேகம் வந்தால் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சீனியும் அரை டீஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிஷம் பார்க்கலாம். நுரைத்தால் நல்லது, நுரைக்காவிட்டால் தூரப் போட்டுவிட வேண்டியதுதான்.

பிசைவதைக் கற்றுக்கொண்டது தெருமுனைப் பரோட்டாக் கடையில். பார்சலுக்கு நின்ற ஒரு ராத்திரி, மாஸ்டர் உருண்டைகளை எண்ணெயில் புரட்டி ஈரத்துணி போட்டு மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, நான் வட்டமா தட்டுதேன், கைய எடுத்த உடனே சுருங்கிப் போகுதே, ஏன்?" என்று கேட்டேன். "பிசைஞ்ச உடனே தட்டுனா சுருங்கத்தாம்மா செய்யும். அது தூங்கி எந்திரிக்கணும்லா" என்றார். அவ்வளவுதான் விஷயம். மாவில் க்ளூட்டன் என்ற இழுவை இருக்கிறது. பிசையும்போது அது முறுக்கேறி நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் தளரும். அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். பால் இறங்கிய பிறகு சக்கையோடு ரப்பர் மாதிரி ஒன்று கையில் நிற்குமே, அதேதான் இது. அல்வாவுக்கு வேண்டாம் என்று நாம் ஒதுக்குவது பீட்சாவைத் தாங்கிப் பிடிக்கிறது.

பத்து நிமிஷம் நன்றாக அடித்துப் பிசைந்துவிட்டு, ஒரு துண்டு மாவை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பார்ப்பேன். கிழியாமல், அந்தப் பக்கம் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெலிந்தால் பதம் சரி. அப்புறம் எண்ணெய் தடவிய சம்படத்தில் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். இரண்டு மடங்கு உப்ப இடம் இருக்க வேண்டும். குளிரில் பைய்ய பைய்யப் புளிக்கும்போது வாசனையும் நன்றாக வருகிறது, நேரத்துக்கு நாம் அடிமையாகவும் வேண்டாம். காலையில் ஏழு மணிக்கு எடுத்தாலும் ஒன்பது மணிக்கு எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. கத்திரி வெயிலில் வெளியே வைத்த மாவு அந்த இரண்டு மணி நேரத்தில் கெட்டே போயிருக்கும்.

சப்பாத்தி மாதிரி பெரிதாகத் தேய்த்து டம்ளரால் வட்டம் வெட்டுவதுதான் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். வெட்டிய பிறகு மிஞ்சும் ஓரங்களைச் சேர்த்து மறுபடி தேய்த்தால் அந்த மாவு முரண்டு பிடிக்கும், வெந்தபின் கடிக்க ரப்பராக இருக்கும். உருண்டை பிடிப்பதே மேல். உருட்டி, ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் விட்டு, நடுவில் விரல் நுனிகளால் அமுக்கினால் இரண்டேகால் அங்குல வட்டம் தானாக விரியும். ஓரத்தில் ஒரு மோதிரக் கனம் விட்டு உள்ளே மட்டும் அமுக்க வேண்டும். அந்த ஓரம்தான் சாஸையும் சீஸையும் வழியாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் முள்கரண்டியால் நாலு குத்து குத்தவில்லை என்றால் பூரி மாதிரி எழும்பிவிடும்.

இனி ஈரம். பெரிய பீட்சாவில் நடுவில் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் ஓரம் மொறுமொறுவென்று இருந்து ஈடுகட்டும். குட்டிப் பீட்சாவில் நடு என்றும் ஓரம் என்றும் தனியாக இல்லை, மொத்தமும் ஒரே வாயில் போகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதிகமானாலும் முழுப் பீட்சாவும் சொதசொதவென்று ஆகிவிடும். என் மகன் பிறந்தநாளில் கரண்ட் போகாமலிருந்தாலும் அது நன்றாக வந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்தில், தக்காளியை வேகவைக்காமல் நசுக்கி அப்படியே தடவுகிறார்கள். அந்த ஊர்ப் பீட்சாக்காரர்களின் கைத்திறனை 2017-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அவர்களுடைய விறகு அடுப்பு 430 டிகிரிக்கு மேல் கனன்றுகொண்டிருக்கும், ஒன்று, ஒன்றரை நிமிஷத்தில் பீட்சா வெந்துவிடும். அந்தச் சூட்டில் ஈரம் நொடியில் பறந்துவிடுகிறது. நம் வீட்டு ஓ.டி.ஜி. முழுசாகத் திருப்பினாலும் 230, 250 டிகிரிதான். ஆகவே ஈரத்தை நாம் அடுப்பில் வைப்பதற்கு முன்பே வற்றவைக்க வேண்டும். சாஸ் என்று நினைக்காமல் தொக்கு என்று நினைத்துச் செய்தேன், சரியாகிவிட்டது.

பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து வரும் நாட்டுத் தக்காளியில் புளிப்பு நன்றாக இருக்கும். நன்றாகப் பழுத்ததாக அரைக் கிலோ எடுத்து, கொதி தண்ணீரில் போட்டுத் தோலை உரித்து மசித்துக்கொள்வேன். இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் நாலு பல் பூண்டு நறுக்கிப் போட்டு, வாசம் வந்ததும் தக்காளி, உப்பு, ஒரு டீஸ்பூன் காய்ந்த மிளகாய்ச் செதில், புளிப்புக்கு ஏற்றபடி கொஞ்சம் சீனி. அகலமான கடாயில் 25 நிமிஷம் வற்ற வேண்டும். பதம் பார்ப்பது எப்படி என்றால், கரண்டியால் கடாயின் நடுவில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கடாயின் அடி தெரிந்து, இரண்டு பக்கமும் மதில் மாதிரி நின்றால் இறக்கிவிடலாம். ஒரு பீட்சாவுக்கு முக்கால் டீஸ்பூன், அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.

ஆரிகனோ பொட்டலம் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அது இல்லாத ஒரு நாள் வாசலில் இருந்த கற்பூரவல்லியிலிருந்து ஒரு இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். கிட்டத்தட்ட அதே மணம். இரண்டும் துளசி, புதினாக் குடும்பம்தான். கால் டீஸ்பூன் ஓமத்தைக் கசக்கிப் போட்டாலும் பொருத்தமாக இருக்கிறது. ஆச்சிக்கு அந்த ஓம வாசம்தான் பிடித்தது, வயிற்றுக்கும் நல்லது என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். இப்போது வேண்டுமென்றேதான் ஓமம் போடுகிறேன்.

காய்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. உப்புமாவுக்கு நறுக்குவதைவிடப் பொடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் கடிக்கும்போது மொத்தமாக இழுத்துக்கொண்டு வந்துவிடும். குடைமிளகாயையும் வெங்காயத்தையும் பெரிய தீயில் ஒரு நிமிஷம் வதக்கி ஆறவைத்துக்கொள்வேன். காளானைத் தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை வதக்க வேண்டும். சோளத்தை வேகவைத்துத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். கறி சாப்பிடுகிறவர்கள் கோழிச் சுக்காவைப் பிய்த்து வைத்தால் அபாரமாக இருக்கிறது என்று மதினி சொன்னார்கள். ஆனால் கறி முன்னாலேயே முழுசாக வெந்திருக்க வேண்டும், ஐந்தாறு நிமிஷச் சூட்டில் பச்சைக் கறி வேகாது.

சீஸில் நான் ஒரு தடவை பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். பன்னீரைத் துருவிப் போட்டேன். எத்தனை நேரம் வைத்தாலும் அது உருகவில்லை, ஓரம் கருகியதுதான் மிச்சம். பாலைச் சூடாக்கி எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரிக்கிற பன்னீருக்கு உருகுகிற குணம் கிடையாது. மொசரெல்லாவை உறைப்பொருள் சேர்த்து உறையவைத்து, வெந்நீரில் இழுத்து இழுத்துச் செய்கிறார்கள், அதனால்தான் நூல் மாதிரி வருகிறது. சாண்ட்விச்சுக்குப் போடும் சீஸ் உருகும், ஆனால் இழுவை வராது. நான் 200 கிராம் மொசரெல்லாவோடு அந்தச் சாதாரணச் சீஸ் ஒரு கட்டி துருவிச் சேர்க்கிறேன், உப்பும் ருசியும் கூடுகிறது. 42 பீட்சாவுக்கு அது தாராளம். கட்டியாக வாங்கி ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்துத் துருவினால் கையில் ஒட்டாது. எங்கள் வீட்டில் சைவம் மட்டும்தான். சீஸை உறையவைக்கும் பொருள் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படுவது உண்டு என்பதால், பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவோம். ஆச்சி முதலில் கேட்டதும் அதைத்தான். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகே வாயில் வைத்தாள்.

அடுக்கும் முறையிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. சாஸ், அதன்மேல் சீஸ், அதன்மேல் காய், கடைசியாகக் காயின் மேலே மறுபடி ஒரு சிட்டிகை சீஸ். அந்தச் சிட்டிகை உருகிக் காயைப் பிடித்துக்கொள்ளும். பட்டுப்பாவாடையில் கொட்டாமல் பிள்ளைகள் சாப்பிட இதுதான் வழி.

மதினி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். மாவுத் தட்டைகளை முந்தின நாளே பாதி வேகவைத்துவிடுவது, அதுதான் பதில். ஓ.டி.ஜி.யை 220 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கி, வெறும் மாவுத் தட்டைகளை 4, 5 நிமிஷம் மட்டும் வைக்கிறேன். நிறம் மாறக் கூடாது. விரலால் தொட்டால் ஒட்டாமல், அமுக்கினால் பஞ்சு மாதிரி மேலே வர வேண்டும். எடுத்துக் கம்பி வலையில் பரத்தி முழுக்க ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்து நனைந்துவிடும், நான் ஒரு ஈடு அப்படிப் பாழாக்கியிருக்கிறேன். ஆறியதை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும், ஃப்ரீசரில் ஒரு மாதம். விருந்தன்று மேலே சாமான் வைத்து 230 டிகிரியில் 5, 6 நிமிஷம் வைத்தால் போதும். மாவு ஏற்கெனவே வெந்திருப்பதால் சாஸின் ஈரம் உள்ளே இறங்குவதில்லை, அடி மொறுமொறுவென்று வருகிறது. பாதி வெந்த தட்டை இனி விரியாது என்பதால் தட்டில் நெருக்கியும் அடுக்கலாம், 12 கொண்ட இடத்தில் 16 கொள்ளும். முன்பு 18 நிமிஷத்துக்கு 12, இப்போது 6 நிமிஷத்துக்கு 16. யாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் வீட்டிலேயே பதில் இருந்தது. ஓ.டி.ஜி. இழுக்கிற மின்சாரத்துக்கு வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. ஆச்சியின் இரும்புப் பணியாரச் சட்டி பரணில் கிடந்தது. தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி இரண்டு நாள் பழக்கினேன். 15 கிராம் மாவு உருண்டையைத் தட்டி, நடுவில் அரை டீஸ்பூன் தொக்கும் ஒரு சிட்டிகை சீஸும் வைத்து, கொழுக்கட்டை மாதிரி ஓரத்தைச் சேர்த்து மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி குழியில் வைக்க வேண்டும். ஓரத்தில் தொக்கு பட்டால் அங்கே ஒட்டாது, அந்த வழியாகச் சீஸ் ஒழுகிச் சட்டியில் கருகும். சின்னத் தீ, மேலே மூடி, நாலு நிமிஷம். கம்பியால் திருப்பிவிட்டு இன்னும் மூன்று நிமிஷம். வெளியே பொன்னிறமாக மொறுமொறுப்பு, உள்ளே உருகிய சீஸ். பணியாரச் சட்டியில் சுட்டதை மகனின் நண்பர்கள் அடுப்பில் சுட்டதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். அடுப்பு வாங்காமல் பீட்சா செய்ய வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இட்லி மாவில் சீஸ் போட்டு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்ல பலகாரம், ஆனால் அது பணியாரம்.

ரொட்டித் துண்டை டம்ளரால் வெட்டிச் செய்வது திடீரென்று விருந்தாளி வந்தால் கைகொடுக்கும். முந்தின நாள் ரொட்டியாக இருக்க வேண்டும், தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவி முறுகவிட்ட பிறகுதான் சாஸைத் தொட வேண்டும்.

போன தேருக்கு ஒன்றரைக் கிலோ மைதா ஆனது. இரண்டு நாள் முன்னால் ராத்திரி பிசைந்தேன். மறுநாள் காலையில் நானும் அத்தையும் கொழுந்தன் மகளும் சேர்ந்து உருட்டித் தட்டி, 130 தட்டையையும் பாதி வேகவைத்து முடித்தபோது மணி பதினொன்று. சாயந்திரம் தொக்கு இரண்டு விதமாகச் செய்தேன். தேர் முடியும்வரை வெங்காயம் பூண்டு தொடாத பெரியவர்கள் வீட்டில் நாலு பேர் உண்டு. அவர்களுக்குப் பூண்டுக்குப் பதிலாக இஞ்சியும் ஓமமும். அதில் வைத்த பீட்சாவுக்கு அடையாளமாக நடுவில் ஒரு கறிவேப்பிலை குத்திவிட்டேன். தேரன்று மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியபின் சீஸைத் துருவி, காய்களை வதக்கி மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். மேலே சாமான் வைத்து ரொம்ப நேரம் ஊறவிட்டால் தட்டை நனைந்துவிடும், ஆகவே அது கடைசியில்தான். திரும்பி வந்து அடுப்பைச் சூடேற்றிவிட்டு, ஐந்து பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லி வரிசையாக உட்காரவைத்தேன். ஒருத்திக்கு சாஸ், ஒருவனுக்குச் சீஸ், அடுத்தவனுக்குக் காய். தான் அடுக்கியதைத் தானே சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் கருத்தாகச் செய்தார்கள். ஆளுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு இருபதைக் கையிருப்பில் வைத்திருந்தேன். இருபதும் தீர்ந்தது.

பரிமாறும்போது ஹாட்பாக்ஸில் போட்டு மூடாதீர்கள். ஆவி கட்டி, இவ்வளவு நேரம் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். அகலத் தாம்பாளத்தில் ஒரே அடுக்காகப் பரத்தி வைத்தால் போதும். இன்னொன்று, அடுப்பிலிருந்து எடுத்த சீஸ் பார்க்க ஆறியது போலத்தான் இருக்கும், உள்ளே அனலாக இருக்கும், பிள்ளைகளின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சுட்டுவிடும். மூன்று நிமிஷம் எண்ணிவிட்டுத்தான் கையில் கொடுப்பேன்.

ஆச்சிக்கு மட்டும் தனி முறை. அவளுக்கு முன்பல் இல்லை, மொறுமொறுப்பான அடியைக் கடிக்க முடியாது. அவளுக்கான மூன்று தட்டைகளின் ஓரத்தில் பால் தடவி, ஒரு நிமிஷம் முன்னாலேயே எடுத்து, ஈரம் பிழிந்த வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தேன். பஞ்சாக ஆகிவிட்டது. திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தெருவில் போகிற ஜனத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சாப்பிட்டாள். மூன்றாவது முடிந்ததும் துணியை மடித்து என் கையில் கொடுத்து, "மாவு நல்லா புளிச்சிருக்கு பிள்ள" என்றாள்.